ஆறரை பஸ்

2025 ஜனவரி 27, திங்கட்கிழமை. பாடசாலைகளில் புதிய வருடம் தொடங்கிய நாள். கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் காலை பஸ் கண்டல்சோலைச் சந்தியில் நிற்கவில்லை. சந்தியில் வெள்ளை உடுப்போடு இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நின்றார்கள்.

பஸ் நிற்காமல் போவது அங்கே புதினமான காரியமில்லை. கற்பிட்டியிலேயே அது நிரம்பிவிடும். நுரைச்சோலை மின் நிலையத்துக்குப் போகிற வேலையாட்கள் படிவரை தொங்கிக்கொண்டு வருவார்கள். நுரைச்சோலையில் அவர்கள் இறங்கிய பிறகு, அங்கிருந்து புத்தளம் வரை பஸ் பாதி வெறுமையாகப் போகும். கண்டல்சோலை நுரைச்சோலைக்கு முன்னால் இருக்கிறது. அதுதான் அந்த ஊர் செய்த குற்றம்.

அடுத்த டிப்போ பஸ் முக்கால் மணி நேரம் கழித்து வரும். அதில் போனால் புத்தளத்தில் பாடசாலைக் கதவு சாத்திய பிறகுதான் போய்ச் சேரலாம். இடையில் ஓடுகிற தனியார் பஸ்கள் கொழும்புக்குப் போகிறவை. பாலாவிச் சந்தியில் தெற்கே திரும்பிவிடும், புத்தளத்துக்குள் நுழையாது. அவற்றின் கொண்டக்டர்மாருக்கு சீசன் டிக்கெட்டோடு நிற்கும் பிள்ளைகளைக் கண்டால் கண் தெரியாது.

ஸம்ஹா சந்தியிலிருந்து நேரே தோட்டத்துக்கு வந்தாள். உயர்தர வகுப்பில் இரண்டாவது வருடம், உயிரியல் பிரிவு. அந்தப் பிரிவு ஊர்ப் பாடசாலையில் இல்லை. அவளுடைய வாப்பா இஸ்ஸதீன் வெங்காயப் பாத்திக்குள் குழாயை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நிக்கல்ல வாப்பா.”

“கையக் காட்டினீங்களா?”

“எல்லாரும்தான் காட்டின.”

“எல்லாரும் காட்டினா எவன் நிப்பாட்டுவான்? ரெண்டு பேர் கையக் காட்டோணும். மத்தவங்க மதிலுக்குப் பின்னால நிக்கோணும். நிண்ட உடன ஓடி வந்து ஏறோணும்.”

“போன வருசம் அப்படித்தான் செஞ்ச. இப்ப ட்றைவர் மதிலத்தான் முதல்ல பாக்கிற.”

இஸ்ஸதீன் குழாயைக் கீழே போட்டார். அந்தக் கிணறு இரண்டு குடும்பத்துக்குப் பொது. விடியலிலிருந்து ஏழு மணி வரை இஸ்ஸதீனின் முறை. அதற்குப் பிறகு அவருடைய மூத்த சகோதரர், நானாவின் முறை. நானா முறை விஷயத்தில் ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்க மாட்டார். வெயிலேறிய பிறகு வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டால் தாள் அவிந்து போகும் என்பதால், பிறகு கேட்டு வாங்கியும் பயனில்லை.

அவர் சாரத்தை மாற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். ஸம்ஹா பின்னால் ஏறினாள். கமறியா, ஸம்ஹாவின் உம்மா, வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து குழாயைத் தனியாக இழுக்கத் தொடங்கினாள். நான்கு பாத்திதான் அவளால் முடிந்தது. ஏழு மணிக்கு நானாவின் மகன் வந்து மோட்டரின் பக்கத்தில் நின்றான்.

அந்தக் கிழமை மூன்று நாள் இப்படி நடந்தது.

“எனக்கு ஒண்டச் சொல்லு,” என்றார் இஸ்ஸதீன் வெள்ளிக்கிழமை பகல், ஜும்ஆ முடிந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபடி. “நான் வெங்காயத்துக்குத் தண்ணி விடுறதா, உன்ட மகளுக்கு பஸ்ஸா ஓடுறதா?”

“என்ட மகள் எண்டா, நீங்க யாரு?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“வகுப்பு டீச்சர் என்ன சொன்னாங்க எண்டு தெரியும்தானே. நூத்துக்கு எம்பது நாள் வந்திருந்தாத்தான் சோதினை போர்முல ஸ்கூல் அதிபர் கையெழுத்து வைப்பா. போன வருசமே இவள் விட்ட நாள் காணும். இனி விட இடமில்ல.” கமறியா சூடைமீன் பொரியலை அவர் பக்கம் தள்ளினாள். “பஸ் நிக்கல்ல எண்டு எழுதுறதுக்கு அந்த வரவு இடாப்புல கோடு இல்லயாம். வந்த, வரல்ல, ரெண்டுதானாம்.”

“புத்தளத்தில என்ட தாத்தா வீட்டுல நிக்கட்டுமே,” என்றார் இஸ்ஸதீன். தாத்தா என்றது அவருடைய அக்காவை.

“வளந்த பொடியன்மார் ரெண்டு பேர் இரிக்கிற வீட்டுலயா? நல்ல யோசன.”

“அப்ப நீயே ஒரு யோசன சொல்லு.”

“பஸ் கேப்பம்.”

இஸ்ஸதீன் சிரித்தார். சந்தோஷத்தில் இல்லை. “கேளு. நான் பொறந்ததில இருந்து இந்த ஊர் பஸ் கேக்குது.”

கமறியா கேட்டாள். பள்ளிவாசல் நிர்வாக சபைத் தலைவர் ஸலாஹுதீன் ஹாஜியாரின் வீட்டுக்கு மூன்று தடவை போனாள். ஹாஜியார் வெங்காயம் வாங்கி தம்புள்ளைச் சந்தைக்கு அனுப்புகிறவர். சொந்தமாக வேன் இருந்தது, சரளமாகச் சிங்களம் பேசுவார். இரண்டுமே டிப்போவுக்குப் போகத் தேவை. மூன்றாவது தடவை அவர், “சரி தங்கச்சி, இனி உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்த எங்கட வீட்டுல சீனி இல்ல, போவம்,” என்றார்.

பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரு நாள் மூன்று பேர் போனார்கள். ஹாஜியார், கமறியா, சித்தி லெய்லா என்ற பக்கத்து வீட்டுப் பெண். சித்தி லெய்லாவின் மூத்த மகள் றுஷ்னா, ஸம்ஹாவின் வகுப்பில்தான் படித்தாள். கணவர் கட்டாரில். வீட்டில் மோட்டார் சைக்கிளும் இல்லை, ஓட்ட ஆளும் இல்லை. பஸ் நிற்காத நாட்களில் றுஷ்னா வீட்டுக்குத் திரும்பி வந்து உடுப்பை மாற்றிக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

டிப்போ மனேஜர் மரியாதையான மனிதர். மூன்று பேருக்கும் கதிரை போடச் சொல்லி, பிளேன்டீயும் வரவழைத்தார். சுவரில் பெரிய கலண்டர் ஒன்று தொங்கியது. சிங்களத்தில் சொன்னார்: பழுதுபார்க்கப் போன ஒரு பஸ் மாத முடிவில் திரும்பி வருகிறது. அதைப் பாடசாலைச் சேவைக்கு விடலாம். கண்டல்சோலையிலிருந்தே காலை ஆறு மணிக்கு வெளிக்கிடும். ஆனால் வனாத்தவில்லுப் பக்கத்து ஊரும் அதே பஸ்ஸைக் கேட்கிறது. ஆகவே மார்ச் முதல் திங்களிலிருந்து மூன்று கிழமைக்குப் பரீட்சார்த்தமாக ஓடும். சீசன் கேட்கமாட்டார்கள், தலையை மட்டும் எண்ணுவார்கள். நாளுக்கு நாற்பது பிள்ளைகள் ஏறினால் நிரந்தரம். ஏறாவிட்டால் வனாத்தவில்லு.

“நாப்பது என்ன சேர், அம்பது ஏத்திக் காட்டுறம்,” என்று ஹாஜியார் நல்ல சிங்களத்தில் சொன்னார். எழுந்து கைகொடுத்தார். வெளியே விறாந்தை வாங்கில் உட்கார்ந்தபடி வனாத்தவில்லுப் பக்கத்து ஆட்கள் காத்திருந்தார்கள். ஹாஜியார் அவர்களுக்கும் ஸலாம் சொன்னார்.

வேன் பாலாவி உப்பளங்களைத் தாண்டும்போது கமறியா கேட்டாள்.

“ஹாஜியார், மார்ச் முதல் திங்கள் எண்டுதானே சொன்னாரு?”

“ஓம். மூணாந்திகதி.”

“நோன்பு எப்ப?”

“ஷஃபான் முடிஞ்ச உடன. ரெண்டாந்திகதியோ ஒண்டாந்திகதியோ, பிறையப் பாத்து...”

ஹாஜியாரின் வாய் நின்றது. பிறகு வேனும் நின்றது.

நோன்பு மாதம் முழுக்க முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. தமிழ்ப் பாடசாலையும் சிங்களப் பாடசாலையும் நடக்கும், இவர்களுடையது மூடியிருக்கும். பிள்ளைகள் படித்த புத்தளப் பாடசாலை முஸ்லிம் பெண்கள் பாடசாலை. அந்த மாதம் அதன் கதவு திறக்காது. ஏற நாற்பது பிள்ளைகள் இல்லை, ஒரு பிள்ளையும் இல்லை.

உப்பளத்தில் பெண்கள் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

“பள்ளிக்கு நோன்பு ஈச்சம்பழம் எடுக்க கொழும்புக்குப் போறதே இருவத்தஞ்சாந்திகதி,” என்றார் ஹாஜியார் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு. “அது தெரியும். மார்ச்சும் தெரியும். ரெண்டும் ஒண்டு எண்டுதான் மண்டையில விழல்ல.”

“நீங்க மட்டுமா. நானும் கலண்டரப் பாத்துக்கொண்டுதான் இருந்த. அதுல சிங்கத்தின்ட படம் நல்லா இரிக்கி எண்டு நினைச்ச,” என்றாள் சித்தி லெய்லா. “திரும்பிப் போய் ஏப்ரல்ல தாங்க எண்டு சொல்லுவம்.”

“சொன்னா பஸ் அப்படியே வனாத்தவில்லுக்குப் போயிரும். விறாந்தையில குந்தியிருந்தாங்களே, பாக்கல்லயா? அவங்களுக்கு ஸலாம் வேற சொல்லிட்டு வந்த.”

“டிப்போக்காரருக்கு எங்கட லீவு தெரியாதா?”

“அவருக்கு டயர் தெரியும், டீசல் தெரியும். எங்கட நோன்பு எங்களுக்கே தெரியல்ல, அவருக்கு எங்கால தெரியுற?”

கமறியா யோசித்துவிட்டுச் சொன்னாள். “தலையத்தானே எண்ணுற. உடுப்பப் போட்டு ஏத்துவம்.”

“எங்க போற?”

“புத்தளத்துக்குப் போய்த் திரும்பி வாற.”

“லீவுலயா?”

“லீவுலதான். வேற வழி இருந்தா சொல்லுங்க.”

ஹாஜியார் வேனை எடுத்தார்.

நோன்பு வந்தது. பகலில் தோட்டத்து மணல் கால் வைக்க முடியாமல் சுட்டது. காற்று அடியோடு நின்றுபோனது, கடற்கரையில் வரிசையாக நின்ற காற்றாலைகள் அசையவில்லை. இஸ்ஸதீன் விடியுமுன் ஸஹர் சாப்பிட்டு, சுபஹ் தொழுதுவிட்டு நேரே பாத்திக்குப் போய், ஏழு மணிக்கு வந்து பாயில் விழுந்தார். ஊர் முழுக்க அப்படித்தான். நோன்பு மாதத்தில் கண்டல்சோலையில் காலை ஆறு மணி என்பது நடுச்சாமம் மாதிரி.

மூன்றாந்திகதி ஆறு மணிக்கு பஸ் வந்தது. சிவப்பு நிறம் புதிதாக அடித்து, சீற்றுகளில் பிளாஸ்டிக் உறை மினுங்கியது. கொண்டக்டர் றொகான் சிலாபம் பக்கத்துப் பொடியன், தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் பேசுவான். ஏறிய பிள்ளைகள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் கமறியாவின் பிள்ளைகள், ஸம்ஹாவும் ஊர்ப் பாடசாலையில் படிக்கிற அவள் தங்கையும்; மூன்று பேர் சித்தி லெய்லாவின் பிள்ளைகள்.

“ஐம்பது என்டு சொன்னாங்க அக்கா,” என்றான் றொகான்.

“வருவாங்க தம்பி. நாளைக்குப் பாருங்க.”

அன்று கமறியா வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கதை.

“கமறியா தாத்தா, புள்ள ஸஹருக்கு எழும்பித் தின்டு, தொழுதுபோட்டு இப்பத்தான் கண்ண மூடியிருப்பாள். அந்த நேரத்தில எழுப்பி யூனிபோர்மப் போட்டு, நோன்போட வெயில்ல புத்தளம் போய் வரச் சொல்றீங்களா? என்னத்துக்கு? ஸ்கூலும் இல்லயே.”

“பஸ் நிரந்தரமாகுற வரைக்கும்தான்.”

“அரை மணித்தியாலம் பிந்தி வந்தாலாவது புள்ளைகள் ஒரு கண்ணு தூங்கும். ஆறரைக்கு எண்டா அனுப்பலாம்.”

ஆறாவது வீட்டிலும் ஆறரை என்றார்கள். பத்தாவது வீட்டிலும் ஆறரை என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலை கமறியா பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு றொகானிடம் கேட்டாள்.

“தம்பி, ஒரு உதவி. நாளையில இருந்து ஆறரைக்கு எடுக்கேலுமா? நோன்பு முடியும்வரைக்கும்தான்.”

“எனக்கு நல்லது அக்கா. ட்றைவர் ஐயாவுக்கு அத விட நல்லது. ஆனா நாங்க நினைச்சபடி ஏலாது. டிப்போவுக்குச் சொல்லோணும்.”

“சொல்லுங்க. ஊர் கேக்குது எண்டு சொல்லுங்க.”

றொகான் அங்கேயே போனை எடுத்துச் சிங்களத்தில் பேசினான். இரண்டு தடவை “ஒவ் சேர்” என்றான். “சரி அக்கா. ஆறரை.”

புதன்கிழமை நாற்பத்திமூன்று பிள்ளைகள் ஏறினார்கள். புத்தளப் பாடசாலைக்குப் போகிற பிள்ளைகள் அத்தனை பேர் ஊரில் இல்லை. ஊர்ப் பாடசாலையில் நான்காம் வகுப்புப் படிக்கிறவர்கள் தாத்தாமாரின் உடுப்பை மடித்துக் குத்திக்கொண்டு வந்தார்கள். ஒருத்தியின் பர்தா முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்த உடனேயே தூங்கிவிட்டார்கள். புத்தளம் பஸ் நிலையத்தில் ஒருவரும் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் தூங்கிக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

றொகான் இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள் கமறியாவிடம் வந்து நின்றான்.

“அக்கா, உண்மையச் சொல்லுங்க. உங்கட ஸ்கூல் லீவுதானே?”

“விசேஷ வகுப்பு இரிக்கி.”

“பஸ்ஸுக்குள்ளயா?”

கமறியா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “தம்பி, நான் நோன்போட நிக்கிறன். பொய் சொல்ல வைக்காதீங்க.”

“அப்ப நான் கேக்கல்ல,” என்றான் றொகான். “என்ட வேலை தலை எண்ணுறது. தலை இருக்கு.”

இஸ்ஸதீனுக்கு இது முழுக்க எரிச்சலாக இருந்தது. பின்னேரம் நோன்பு திறக்கக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னார். “இந்த மாசம் ஊருல பசி, தாகம், பொய் மூண்டையும் ஒண்டாச் சேத்துப் பிடிக்கிற நோன்பு உன்ட நோன்புதான்.”

“பொய் எது? பஸ் கேட்ட. பஸ் வந்திரிக்கி. புள்ளைகள் ஏறுற. இதுல எது பொய்?”

“உடுப்பு.”

ஸம்ஹா மூலையில் தாவரவியல் குறிப்போடு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் அவள் மட்டும் தூங்குவதில்லை. போகும் வழியில் ஒரு பாடம், வரும் வழியில் ஒரு பாடம். “உம்மா,” என்றாள் தலை நிமிராமல், “தவணை நடக்கிற நேரம் ஸ்கூலுக்குப் போக ஏலல்ல. லீவுல ஒரு நாள் தவறாமப் போறன். இத டீச்சரிட்டச் சொன்னா இடாப்புல போடுவாவா?”

“வாய மூடிட்டுப் படி,” என்றாள் கமறியா. இஸ்ஸதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாம் கிழமை ஒரு நாள் நுரைச்சோலையில் பரிசோதகர் ஏறினார். காக்கி உடுப்பு, சிங்களம் மட்டும் தெரிந்தவர். தூங்குகிற தலைகளை விரலால் எண்ணிக்கொண்டு போனார். கடைசிச் சீற்றில் ஒரு சின்னப் பொடியன் விழித்திருந்தான். பரிசோதகர் அவன் கன்னத்தைத் தட்டி ஏதோ கேட்டார்.

“நாங்க ஸ்கூலுக்குப் போறல்ல,” என்றான் பொடியன் சந்தோஷமாக. “சும்மா சுத்திட்டு வாற.”

பரிசோதகர் றொகானைப் பார்த்தார். “என்ன சொல்றான்?”

“பாடசாலைக்குப் போறதுதான் தனக்கு ஆசையாம் சேர்,” என்றான் றொகான் சிங்களத்தில்.

பரிசோதகர் சட்டைப்பையிலிருந்து ஒரு டொபியை எடுத்துப் பொடியனிடம் கொடுத்தார். பொடியன் அன்றைக்கு நோன்பு பிடித்திருக்கவில்லை. உடனேயே பிரித்துத் தின்றான்.

பெருநாளுக்கு முந்திய கிழமை மனேஜர் ஹாஜியாருக்கு போன் எடுத்தார். கண்டல்சோலைப் பாடசாலைச் சேவை நிரந்தரம். மேலிடம் அங்கீகரித்துவிட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் அதைப் பள்ளி ஒலிபெருக்கியில் சொன்னார். டிப்போவுக்கு நன்றி சொன்னார், அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார், ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்றி சொன்னார். கமறியாவின் பெயரைச் சொல்ல மறந்துபோனார். அன்று சித்தி லெய்லா வட்டிலப்பம் செய்து ஒரு கிண்ணம் அனுப்பினாள்.

பாடசாலை தொடங்கியது ஏப்ரல் இரண்டாந்திகதி. பிள்ளைகள் ஆறு மணிக்குச் சந்தியில் நின்றார்கள். பழைய பஸ் ஏற்கெனவே ஆட்கள் தொங்கத் தொங்க நிற்காமல் போய்விட்டிருந்தது. புதிய பஸ்ஸைக் காணவில்லை. ஆறேகாலுக்கும் காணவில்லை. ஸம்ஹா உம்மாவுக்கு போன் எடுத்தாள். கமறியா மா படிந்த கையோடு சந்திக்கு வந்தாள். ஆறரைக்கு பஸ் வந்தது.

“தம்பி, ஏன் இவ்வளவு நேரம்?”

றொகான் அவளைப் புரியாமல் பார்த்தான். “நேரத்துக்குத்தானே அக்கா வந்திருக்கோம்.”

“ஆறு மணிதானே.”

“ஆறரை. அட்டவணையே வந்திட்டு. கண்ணாடியில ஒட்டியிருக்கு, பாருங்க.”

“அது நோன்புக்கு மட்டும் எண்டு நான் சொன்னேன்தானே.”

“எனக்குச் சொன்னீங்க அக்கா. நான் போன்ல நோன்புக்கு என்டும் சொன்னேன். அவங்க எழுதினது நேரத்த மட்டும்.”

பிள்ளைகள் ஏறினார்கள். புத்தளத்தில் பாடசாலைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டாம் பாடவேளை மணி அடித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். இடாப்பில் வரவில்லை என்று விழுந்தது.

மறுநாள் ஹாஜியாரோடும் கமறியாவோடும் இஸ்ஸதீனும் டிப்போவுக்குப் போனார். தண்ணீர் முறையை நானாவுக்கு விட்டுவிட்டு, தன்னிடமிருந்த ஒரே ஒரு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு. மனேஜர் அதே மரியாதையோடு கதிரை போடச் சொன்னார். ஹாஜியார் சொன்னதைக் கேட்டுவிட்டு, கோப்பை எடுத்துப் பார்த்தார்.

“முதல் ரெண்டு நாள் ஆறு மணிக்கு ஓடியிருக்கிறது. ஏறியது பத்து, பதினொரு பேர். பிறகு ஊர் கேட்டதால் ஆறரை. ஒரு நாளும் நாற்பதுக்குக் குறையவில்லை. நான் மேலிடத்துக்கு என்ன எழுதுவது? இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆறரைதான் வசதி என்று எழுதினேன். தப்பா?”

ஹாஜியார் அதைத் தமிழில் சொன்னார்.

“சொல்லுங்க ஹாஜியார்,” என்றாள் கமறியா. “உள்ளதச் சொல்லுங்க. லீவுல வெறும் உடுப்போட ஏத்தின எண்டு.”

“தங்கச்சி...”

“நீங்க சொல்லாட்டி நான் எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில சொல்றன்.”

அவளே சொன்னாள். வினைச்சொற்கள் எல்லாம் பிழை. ஆனால் மனேஜருக்கு விளங்கியது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. பல வருடம் டிப்போவில் இருந்த மனிதரின் களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

“அம்மா,” என்றார். “இதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டேன் என்றால் அந்த எண்ணிக்கையை ரத்துச் செய்யவேண்டும், பஸ் வனாத்தவில்லுக்குப் போய்விடும். நேரத்தை மாற்ற விண்ணப்பம் தாருங்கள். அடுத்த திருத்தம் வருட முடிவில். சேர்த்துப் பார்க்கலாம்.”

“வருட முடிவில சோதினையே முடிஞ்சிரும்,” என்றார் இஸ்ஸதீன். அதை மொழிபெயர்க்க ஹாஜியாருக்கு மனம் வரவில்லை.

“அப்ப அந்த மத்த பஸ் எங்கட சந்தியில நிக்கட்டும்,” என்றாள் கமறியா.

“உங்களுக்குத் தனி பஸ் தந்த பிறகு அது ஏன் அங்கே நிற்கவேண்டும் என்று ட்றைவர் கேட்கிறார்,” என்றார் மனேஜர். “கேட்பது நியாயம்தான்.”

டிப்போவிலிருந்து அவர்கள் பாடசாலைக்குப் போனார்கள். அதிபரும் மரியாதையான பெண். கண்டல்சோலைக்குக் கதவைத் திறந்துவைத்தால் நாளைக்குக் கரைத்தீவும் கேட்கும், முதல் பாடவேளையை யாருக்கு நடத்துவது என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அன்று சந்தித்த எல்லோரும் நியாயமாகவே பேசினார்கள்.

ஊருக்கு வந்து வேனிலிருந்து இறங்கும்போது ஹாஜியார், “விண்ணப்பத்த நானே எழுதுறன்,” என்றார்.

“எழுதுங்க,” என்றார் இஸ்ஸதீன். “பிறையப் பாத்து எழுதுங்க.”

வீட்டில் ஸம்ஹா பாணும் சம்பலும் வைத்துக்கொண்டு இருவருக்கும் காத்திருந்தாள். கமறியா சாப்பிடவில்லை.

“நான்தான் கேட்ட,” என்றாள். “ஆறரைக்கு வாங்க எண்டு, இந்த வாயாலதான் கேட்ட.”

“ஊர் கேட்டது,” என்றார் இஸ்ஸதீன்.

“ஊரா பஸ் படியில காலை வச்சிக்கொண்டு நிண்ட?”

“கமறியா, கேட்டது நீ. தூங்கினது ஊர். எழுதினது டிப்போ. ஈச்சம்பழம் வாங்கினது ஹாஜியார். இப்ப யாரப் பிடிச்சு அடிக்கிற? பாணத் தின்னு.”

“நாளைக்கு இவள் எப்படிப் போற?”

“நாளைக்கு நான் கொண்டு போறன்.”

“நாளண்டைக்கு?”

இஸ்ஸதீன் பாணை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அவள் பக்கம் வைத்தார். மறுநாள் ஸம்ஹாவோடு றுஷ்னாவையும் ஏற்றிக்கொண்டு போனார். பாலாவியில் பொலிஸ் நிறுத்தியது. ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போகக்கூடாது என்று சொல்லி, றுஷ்னாவை இறக்கி நடக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு சித்தி லெய்லா மகளை அனுப்பவில்லை. ஆறரை பஸ்ஸில் போகச் சொன்னாள். றுஷ்னா ஒரு கிழமை போனாள். கதவுக்கு வெளியே நின்றாள். திரும்பி வந்தாள்.

மே மாதம் வெங்காயம் கிளறி முடிந்தது. விளைச்சல் நன்றாக இருக்கவில்லை. கிழக்குப் பக்கத்துப் பாத்திகளில் கிழங்கு சிறுத்துப்போயிருந்தது. தண்ணீர் தவறிய பாத்திகள் அவைதான். இஸ்ஸதீன் ஒரு பின்னேரம் நானாவின் வீட்டுக்குப் போய், அந்த வருடம் முடியும்வரை தோட்டத்தையும் தண்ணீர் முறையையும் அவருக்கே குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கமறியாவிடம் பிறகுதான் சொன்னார்.

“என்ன செஞ்சீங்க?” என்றாள் அவள்.

“செஞ்சிட்டன். இனி அதப் பத்திக் கதைக்காத.”

அன்றிலிருந்து அவர் காலையில் ஸம்ஹாவைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, புத்தளம் சந்தைக்குப் பின்னால் ஒரு வெங்காய மண்டியில் மூட்டை தைத்தார். பாடசாலை விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மண்டிக்கு வந்த சாக்குகளில் கண்டல்சோலை வெங்காயமும் இருக்கும். அதை அவர் வீட்டில் சொன்னதில்லை.

ஜூலையில் அதிபர் ஸம்ஹாவின் பரீட்சை விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். புத்தளத்துக்குப் போய்வந்தவர்களில் ஒன்பது பிள்ளைகள் ஊர்ப் பாடசாலையில் கலைப் பிரிவுக்கு மாறினார்கள். றுஷ்னா படிப்பை நிறுத்திவிட்டாள்.